பிறீசர்க்காரியின் முருங்கை

யோகமலருக்குக் குளிரைத் தெரியும் என்பதில் மல்வேர்னில் குடியேறிய தமிழர் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1990 தை, அதாவது ஜனவரி மாதத்திலிருந்து அவள் உறைந்த சாப்பாட்டுச் சாமான்கள் வைக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தாள். பச்சைப் பட்டாணியும் கோழியும் ஐஸ்கிறீமும் கூரைவரை அடுக்கியிருக்கும் அந்தப் பெரிய பிறீசருக்குள் கோடையிலும் மாரியிலும் ஒரே குளிர்தான். சைபருக்குக் கீழே இருபத்தைந்து பாகை. உள்ளே போகிறவர்கள் மூன்று சோடி காலுறையும் கனத்த சப்பாத்தும் கழுத்துவரை மூடும் அங்கியும் போட்டுக்கொண்டு போவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து கையைத் தேய்ப்பார்கள். யோகமலர் நாற்பது நிமிடம் நிற்பாள்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அவள் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். மின்விசிறிக்குக் கீழே இருந்து பேனா பிடித்தவள். கணவர் குலசிங்கம் முன்னே வந்து, மூன்று வருடம் கழித்துப் பிள்ளைகள் இரண்டு பேரோடும் அவள் வந்து சேர்ந்தபோது கிடைத்த முதல் வேலை இது. ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ இரண்டே வருடத்தில், உயரத் தட்டுகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டுகிற லைசென்சையும் எடுத்துவிட்டாள். அந்தக் களஞ்சியத்தில் அந்த வண்டியை ஓட்டிய முதல் பெண் அவள்தான். கூட வேலை செய்த மரியம்மா அவளுக்குப் பிறீசர்க்காரி என்று பெயர் வைத்தாள். பெயர் பஸ்ஸில் ஏறி மல்வேர்ன் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. யோகமலருக்கு அதில் கோபம் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படிப்பட்டவளைக் குளிர் ஏமாற்றியது ஒரு முருங்கைக் கன்றின் விஷயத்தில்.

1993 சித்திரையில், யேசுரட்ணத்தின் பலசரக்குக் கடையில் வாங்கிவந்த முருங்கைக்காய்க் கட்டில் இரண்டு காய்கள் முற்றிக் காய்ந்து விறகாகக் கிடந்தன. குப்பைக்குள் போடப் போனவள், எதற்கோ ஒன்றை முறித்துப் பார்த்தாள். உள்ளே சிறகு வைத்த கறுத்த விதைகள். தயிர் வாளியொன்றின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நாலு விதையைத் தாட்டு, குசினியில் சூட்டுக்காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அதுவரை அவள் ஒரு செடியும் நட்டதில்லை. ஒன்பதாம் நாள் மூன்று விதைகள் முளைத்தன.

குலசிங்கம் ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"முருங்கை வளர்க்கிறதும் ஒரு வேலையே? ஊரிலை வேலியிலை நட்டுப்போட்டுத் திரும்பிப் பாராத சாமான்."

"இஞ்ச வேலியிலை நட்டுப் பாருங்கோவன்," என்றாள் யோகமலர்.

ஆனி மாதம் கன்றுகளைப் பின்வளவுக்குக் கொண்டுபோனாள். இரண்டை அணில் கிண்டிப் போட்டது. மூன்றாவது, புரட்டாதிக்குள் அவளுடைய இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள், இரவைக்கு உறைபனி விழும், செடிகளை உள்ளே எடுங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். எவ்வளவு விழும் என்று கவனித்தாள். சைபருக்குக் கீழே இரண்டு. இருபத்தைந்தில் நிற்பவளுக்கு இரண்டு ஒரு குளிரா? கன்றை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் முருங்கை கறுத்துப்போய் நின்றது. இலைகள் கொதிதண்ணீர் ஊற்றிய கீரைபோலத் தொங்கின. தொட்டால் கையோடு வந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. முகத்தில் அறைந்ததுபோல ஒரு கோபம்தான் வந்தது. மூன்று வருடமாகத் தினமும் கண்டு பழகிய குளிர், அவளுடைய வீட்டு வாசலிலேயே அவளுக்குத் தெரியாத ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருந்தது.

பஸ்ஸில் விஷயத்தைக் கேட்ட மரியம்மா சொன்னாள்: "அக்கா, நீங்கள் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டெல்லோ உள்ளுக்குப் போறனீங்கள். அது பாவம், வெறும் மேலோடை நிண்டது."

அடுத்த வருடம் அவள் மறுபடியும் விதை போட்டாள். இந்த முறை உறைபனிக்கு முன்பே கன்றைச் சட்டியோடு தூக்கி, நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ற்றில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வெறும் மேலோடு நின்றதற்குப் பிராயச்சித்தம் செய்வதுபோல ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினாள். மார்கழியில் கன்று சரிந்தது. கிழங்குபோன்ற அதன் வேர் அழுகிய முள்ளங்கியாக நாறியது. குளிரால் ஒன்று, கருணையால் ஒன்று என்று இரண்டு கன்றுகள் போயின.

அவளுக்கு வழி காட்டியது களஞ்சியம்தான். 1995 மாசியில், லொறியால் இறக்கிய லெற்றூஸ் இலைக்கோவாப் பெட்டிகளை யாரோ பிழையாகப் பிறீசருக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் பாண் ரொட்டிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மறுநாள் யோகமலர் இரண்டையும் வெளியே இறக்கினாள். பாண் இளகியதும் பாணாகவே இருந்தது. இலைக்கோவா இளகியதும் பச்சைத் தண்ணீராகப் பெட்டியால் ஒழுகியது. இரண்டுக்கும் ஒரே குளிர், ஒரே இரவு. அவள் வண்டியை நிறுத்திவிட்டு, ஒழுகும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுப்பர்வைசர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

குளிர் இலையைக் கொல்லவில்லை. இலைக்குள் இருந்த தண்ணீர் உறைந்து, அதுதான் இலையைக் கிழித்தது. அப்படியென்றால் மரத்தை நனைத்து வைத்துக்கொண்டு குளிரோடு மல்லுக்கட்டக்கூடாது. அதைக் காயவிட்டு நித்திரையாக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது இதை மரியம்மாவுக்கு விளக்கினாள். மரியம்மா பாதியில் நித்திரையாகிவிட்டாள்.

மூன்றாம் முறை போட்ட விதை வளர்ந்த வருடம் அது. தோடம்பழச் சாறு அடைத்து வரும், பீப்பாய் மாதிரியான நீலப் பிளாஸ்ரிக் பரல்களைக் களஞ்சியத்தில் கழித்துவிடுவார்கள். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கி, பாதியாக அறுத்து, மண்ணோடு மண்ணளவுக்கு மணலும் கலந்து நட்டாள். புரட்டாதி நடுவில் தண்ணீரை நிறுத்தினாள். இலை மஞ்சளாகிக் கொட்டியது. கொட்டட்டும் என்று விட்டாள். பிறகு தண்டை இடுப்பளவுக்கு வெட்டி, வெட்டுவாயில் மெழுகு பூசினாள்.

அவர்களுடைய வீட்டின் முன்படிக்குக் கீழே, பேஸ்மென்ற்றோடு சேர்ந்து ஒரு சின்னக் குளிரறை இருந்தது. முன்னர் அங்கே குடியிருந்த இத்தாலியக் குடும்பம் வைனும் தக்காளிப் போத்தலும் வைத்த இடம். மாரியில் அதன் சுவரில் பனி பூக்கும். களஞ்சியத்தில் பழைய பிறீசர்க் கதவொன்றை மாற்றியபோது கழித்த நுரைப் பலகைகளைக் கொண்டுவந்து சுவரிலும் கூரையிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டினாள். நிலத்துக்குத் தடித்த பலகை போட்டாள். குளிர் கீழே தங்கும் என்பது அவளுக்குத் தெரியும். வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, களஞ்சியத்தில் செய்வதுபோலவே கதவில் ஒரு தாளும் பேனாவும் கட்டி, காலையும் மாலையும் பாகையைக் குறித்தாள். பத்துக்குக் கீழே போனால் பேஸ்மென்ற் பக்கக் கதவை ஒரு சாண் திறப்பாள். பதின்மூன்றுக்கு மேலே போனால் மூடுவாள்.

"மரத்துக்கு ஒரு பிறீசர் கட்டுறீர்," என்றார் குலசிங்கம்.

"பிறீசரைத் திருப்பிப் போட்டிருக்கிறன். அது சூட்டை உள்ளுக்கு விடாது. இது குளிரை உள்ளுக்கு விடாது."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதை அவர் நம்பவில்லை என்பது 1996 பங்குனியில் தெரிந்தது.

அன்று யோகமலர் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வரும்போது, வீட்டு வாசலில் குப்பைப் பைகளோடு நீலப் பரலும் நின்றது. அதன் நடுவில் அவளுடைய முருங்கைத் தடி. தெருவின் அந்த முனையில் குப்பை லொறி நின்று கொண்டிருந்தது. கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பனியில் போட்டுவிட்டு ஓடிவந்து பரலைப் பிடித்தாள். அது அசையவில்லை. குலசிங்கம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இஞ்சாரும், அது செத்துப்போச்சு. ஆறு மாசமா ஒரு துளிர் இல்லை. பிள்ளையள் சறுக்கு வண்டில் வைக்க அந்த இடம் வேணுமெண்டு கேட்டவை."

"யாரைக் கேட்டு எடுத்தனீங்கள்?"

"செத்த தடிக்கு ஆரைக் கேக்கிறது?"

மகள் துவாரகா பின்னால் வந்து நின்றாள். "அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ ஸ்ரிக். வெறும் தடி."

யோகமலர் கையுறையைக் கழற்றினாள். பெருவிரல் நகத்தால் தடியின் தோலைச் சுரண்டினாள். காய்ந்த சாம்பல் தோல் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டினாள். நகத்தடியில் பச்சை தெரிந்தது. பிஞ்சுப் பயற்றங்காய்க்குள் இருக்கும் ஈரப் பச்சை. கணவரின் கையைப் பிடித்து இழுத்து, அவருடைய விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

"பாருங்கோ. உயிர் இருக்கு."

குலசிங்கம் குனிந்து பார்த்தார். மணந்தும் பார்த்தார். முருங்கைப் பட்டையின் காரமான மணம் ஏறியது. லொறி அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் பரலின் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை இழுத்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் கராஜுக்குள் போனவர் பின்னேரம்வரை வெளியே வரவில்லை. வந்தபோது இரும்புச் சட்டமொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாலு மூலையிலும் உருளும் சில்லு. பரல் அதற்குள் அளவாக உட்கார்ந்தது. ஒற்றைக் கையால் தள்ளினால் ஓடியது. மன்னிப்பு என்று வாயால் அவர் எதுவும் கேட்கவில்லை. யோகமலரும் அதை எதிர்பார்க்கவில்லை.

சித்திரை நடுவில் தடியின் தோலை உடைத்துக்கொண்டு ஐந்து இடத்தில் துளிர் வந்தது. வைகாசிக் கடைசியில் சில்லு வண்டியில் ஏறி வெளியே போன மரம், ஆவணிக்குள் வேலியைத் தாண்டிப் பத்தடிக்கு எழும்பியது. மல்வேர்னில் முருங்கையிலைக்கு அதுவரை வழி இருக்கவில்லை. இப்போது பிள்ளை பெற்றவர்கள் வீட்டிலிருந்தும் நோயில் கிடந்த வருத்தக்காரர் வீட்டிலிருந்தும் ஆட்கள் பையோடு வந்தார்கள். யோகமலர் ஆய்ந்து கொடுத்தாள். ஆனால் இலை அவளுக்குப் போதவில்லை. ஆவணி முடிவில் ஒரு நாள் காலை, உச்சிக் கிளையில் பாலாடை நிறத்தில் பூங்கொத்து ஒன்றைக் கண்டாள். அன்றிலிருந்து அவளுக்குக் காய் வேண்டும்.

பூ இரண்டு கிழமை நின்றது. குளிர்காற்று தொடங்கியதும் உதிர்ந்து நிலமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

கடையில் யேசுரட்ணம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். "தங்கச்சி, வைகாசியிலை வெளியிலை வைச்சால் ஐப்பசியிலை உள்ளுக்கு எடுக்கவேணும். அஞ்சு மாசம். மரம் எழும்ப மூண்டு மாசம் போகுது. மிச்சம் இரண்டு மாசத்திலை அது பூத்து, பிஞ்சு பிடிச்சு, காய்ச்சு முடிக்கவேணும். அதுக்கு இந்த ஊர்க் கோடை காணாது. இலை வேணுமெண்டா உம்மடை மரத்திலை பிடுங்கும். காய் வேணுமெண்டா என்னட்டைத்தான் வரவேணும்."

மறுக்க முடியாத கணக்கு. அதனாலேயே அது அவளை உறுத்தியது.

1997இல் மரம் முந்திய வருடத்தைவிட நன்றாக எழும்பியது. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வானம் கறுத்து, பத்து நிமிடம் பேய்க்காற்று அடித்தது. யோகமலர் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மரம் ஒருமுறை வளைந்தது. இரண்டாம் முறை வளைந்தது. மூன்றாம் முறை நிமிரவில்லை. முருங்கைக்கு வைரமே இல்லை. முழங்கால் உயரத்தில் சடக்கென்று முறிந்து, தக்காளிப் பாத்திக்கு மேலே நீட்டுக்கு விழுந்தது.

மழை விட்டதும் பின்படியில் போய் இருந்தாள். நாலு வருடம். குளிருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று போய், குப்பை லொறிக்கும் தப்பிய மரம் பத்து நிமிடக் காற்றில் போய்விட்டது. குலசிங்கம் வந்து பக்கத்தில் நின்றார். விழுந்த மரத்தைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"இஞ்சாரும், நானொண்டு கேக்கிறன். ஊரிலை முருங்கைக்கு ஆர் விதை போட்டவை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தடிதானே நடுறவை," என்றார். "உதிலை எத்தினை தடி கிடக்கு?"

யோகமலர் எழும்பிப் போய் வாளை எடுத்து வந்தாள். கையளவு தடிமனான பகுதியாகப் பார்த்து ஐந்து துண்டு அறுத்தாள். ஈரத்தோடு நட்டால் அழுகும் என்று அவளுக்கு இப்போது தெரியும். நிழலில் மூன்று நாள் சாத்திவைத்து வெட்டுவாயைக் காயவிட்டாள். அதற்குள் குலசிங்கம் இன்னும் ஐந்து சட்டம் செய்து சில்லுப் பூட்டினார். ஆவணியில் ஐந்து தடியும் துளிர்த்தன. முறிந்த அடிமரமும் பக்கத்தால் வெடித்தது. ஒரு மரம் போய் ஆறு மரம் நின்றது.

இப்போது வேறொரு தொல்லை. முன்படிக்குக் கீழே இருந்த குளிரறை இரண்டு பரல் மட்டுமே கொள்ளும். மிச்சம் நாலையும் எங்கே நித்திரையாக்குவது?

களஞ்சியத்தின் பின்பக்கத்தில் யந்திர அறை ஒன்று உண்டு. பிறீசரைக் குளிராக்கும் கொம்பிரசர்கள் இரவுபகலாக ஓடும் இடம். ஸ்ரான் என்ற போலந்துக்காரர்தான் அதற்குப் பொறுப்பு. ஐம்பது வயது, பெரிய மீசை, அதிகம் பேசமாட்டார். மாரியில் கைவிறைத்தவர்கள் அவருடைய அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். அங்கே எப்போதும் சூடு. கோழியிலும் பட்டாணியிலும் இருந்து பிடுங்கிய சூட்டையெல்லாம் அந்த யந்திரங்கள் இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து கொட்டின. யோகமலர் ஏழு வருடமாக அங்கே போய்க் கை காய்ச்சியவள். ஆனால் புரட்டாதியில் ஒருநாள்தான் அந்த யோசனை அவளுக்கு வந்தது.

"தை மாதத்தில் இந்த அறையில் எத்தனை பாகை?" என்று கேட்டாள். ஆங்கிலம் இரண்டு பேருக்குமே அரைகுறை. அதனால் சுற்றிவளைக்காமல் பேசிக்கொள்வார்கள்.

"பதினெட்டு. சிலவேளை இருபது."

"என்னிடம் ஆறு மரம் இருக்கிறது. பிரித்து வைத்தால் பார்த்துக்கொள்வது கஷ்டம். இலை இல்லை. வெறும் தடி. தண்ணீரும் தேவையில்லை. பங்குனி வரைக்கும் ஒரு மூலையில் நிற்கவேண்டும்."

ஸ்ரான் மீசையைத் தடவினார். என்ன மரம் என்று கேட்டார். சாப்பிடுகிற மரம் என்றாள். மறுநாள் அவரே மனேஜரிடம் போய்ப் பேசியிருந்தார். சாமான் போகும் வழியால் கொண்டுவரக்கூடாது, மண் சிந்தக்கூடாது, பூச்சி ஒன்றும் இருக்கக்கூடாது, பரலை வாய்வரை பிளாஸ்ரிக்கால் சுற்றவேண்டும் என்று நாலு நிபந்தனை. யோகமலர் நாலையும் செய்து, ஐந்தாவதாகப் பரல்களின் வெளிப்புறத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கொடுத்தாள். மரியம்மாவின் கணவருடைய வான் வண்டியில் ஆறு தடியும் வந்து இறங்கின. சைபருக்குக் கீழே இருபத்தைந்து பாகைக்கு ஒரு சுவர் இந்தப் பக்கம், அவை வரிசையாக நின்றன.

1998 மாசிக் கடைசியில் அவள் பிறீசருக்குள் உயரத் தட்டில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் தொங்கும் பிளாஸ்ரிக் திரையை விலக்கிக்கொண்டு ஸ்ரான் தலையை நீட்டினார். உள்ளே வருகிற உடுப்பு அவர் போட்டிருக்கவில்லை. வா என்று கையைக் காட்டினார். ஏதோ யந்திரம் பழுது என்று நினைத்து இறங்கிப் போனாள்.

ஆறு தடியில் ஐந்தில் துளிர். வெளிறிய, மெல்லிய, விரலளவுத் துளிர்கள். வெளியே தெருவில் பனி. யந்திரச் சூடு அவற்றை இரண்டு மாதம் முன்னதாகவே எழுப்பிவிட்டிருந்தது. யோகமலர் மனதுக்குள் யேசுரட்ணத்தின் கணக்கை எடுத்தாள். ஐந்து மாதத்தோடு இரண்டைக் கூட்டினாள்.

"வெளிச்சம் போதாது," என்றாள்.

ஸ்ரான் அலுமாரியிலிருந்து இரண்டு ரியூப் லைற்றை எடுத்து, அன்றே அவற்றுக்கு மேலே தொங்கவிட்டார்.

அந்த வருடம் வசந்தமும் அவள் பக்கம் நின்றது. பங்குனியிலேயே பனி கரைந்துவிட்டது. சித்திரை நடுவில் மரங்கள் வீடு திரும்பின. காலையில் பரல்களைப் பின்வளவுக்கு உருட்டுவாள். வெயில் இறங்கியதும் குலசிங்கம் கராஜுக்குள் உருட்டுவார். வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்க முதலே அந்த வேலையைச் செய்வார். எழும்பாத ஆறாவது தடியைக்கூட அவர் எறியவிடவில்லை. "சுரண்டிப் பார்த்தனான், பச்சை கிடக்கு," என்றார். வைகாசியில் அதுவும் துளிர்த்தது.

தடியில் வந்த மரத்துக்கு அவசரம் அதிகம். ஆனி முதல் கிழமையிலேயே பூத்தது. ஐந்து மரமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து, பின்வளவு முழுக்கத் தேன் மணம். தேனீ வந்தது. ஆனாலும் யோகமலர் தேனீயை மட்டும் நம்பியிருக்கவில்லை. துவாரகாவின் சித்திரத் தூரிகை ஒன்றை எடுத்து, வேலைக்குப் போக முதல் ஸ்ரூலில் ஏறி, பூப்பூவாகத் தடவினாள். கவலையில் இருப்பவளுக்கு ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆனி இருபத்தெட்டாம் திகதி, உதிர்ந்த பூவொன்றின் காம்பில் பச்சை நூல்போல ஒன்று தொங்கக் கண்டாள். இரண்டு அங்குலம். அதைத் தொடப் பயந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அடுத்த கிளையில் இன்னொன்று. அதற்கடுத்ததில் மூன்று. அன்று முதன்முறையாக அவள் வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

ஆடி முடிவதற்குள் மல்வேர்ன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. வேலிக்கு மேலே, ஒன்றரை முழ நீளத்தில் காய்கள் காற்றில் ஆடின. ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து, மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. வந்தவர்களுக்கெல்லாம் குலசிங்கம்தான் விளக்கம் சொன்னார். நாங்கள் தண்ணியை நிப்பாட்டினனாங்கள், நாங்கள் தடியைக் காயவிட்டனாங்கள் என்று எல்லாவற்றையும் நாங்களாகவே சொன்னார். குப்பைப் பைகளோடு பரல் நின்ற கதையை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை மரியம்மா சொன்னாள்.

யேசுரட்ணம் ஒரு வெள்ளிக்கிழமை கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு வந்தார். வெள்ளைச் சேட்டோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ஸ்ரூலைக் கேட்டு வாங்கி ஏறி, ஒரு காயின் காம்பைக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்துச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"நூல்."

"நூலோ?"

"கட்டித் தொங்கவிட்டிருக்கிறீரோ எண்டு பாக்கிறன்."

"இழுத்துப் பாருங்கோ."

அவர் இழுத்தார். கிளை வளைந்து வந்து, விட்டதும் திரும்பிப் போய் ஆடியது. யேசுரட்ணம் ஸ்ரூலால் இறங்கினார்.

"காய்ச்சுத்தான் கிடக்கு, தங்கச்சி," என்றார். "இருவத்தெட்டு வருசமாச் சாமான் யாவாரம் செய்யிறன். நான் சொன்ன கணக்குப் பிழைச்சுப் போச்சு."

"உங்கடை கணக்குச் சரி அண்ணை. இரண்டு மாசத்தை நான் வேறை இடத்திலை எடுத்தனான்."

போகும்போது ஒரு காயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அது அவருடைய கடையில், காசு வாங்கும் மேசைக்கு மேலே நூலில் தொங்கியது. கீழே ஒரு மட்டையில் எழுதியிருந்தது: மல்வேர்ன் முருங்கை. விற்பனைக்கு அல்ல.

காய் முற்றுவதற்கு முன் வெட்டவேண்டும். ஆவணி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யோகமலர் விடிய எழும்பித் தனியாக வளவுக்குள் போனாள். வீட்டில் எல்லோரும் நித்திரை. எந்தக் காயை முதலில் வெட்டுவது என்று ஐந்து மரத்தையும் சுற்றி வந்தாள். ஒவ்வொன்றும் எந்தக் கிளையில் எப்போது பிடித்தது என்று அவளுக்கு மனப்பாடம். கடைசியில், பிஞ்சாக இருக்கும்போது தொடப் பயந்த அந்த முதல் காயையே வெட்டினாள். கையில் கனத்தது. அதன் நீளத்துக்கு விரலால் தடவிக்கொண்டு போனாள். உள்ளே விதைகள் புடைத்து, வரிசையாகத் தட்டுப்பட்டன. யாரும் பார்க்காத அந்த வளவுக்குள், வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வீட்டு நாய் எழும்பிக் குலைத்தது. அவள் அதைப் பார்த்தும் சிரித்தாள்.

பதினாறு காய் வெட்டினாள். மத்தியானம் தேங்காய்ப்பாலும் யாழ்ப்பாணத் தூளும் விட்டுப் பெரிய சட்டியில் கறி வைத்தாள். மரியம்மா குடும்பம் வந்தது. ஸ்ரானும் மனைவியும் கேக் ஒன்றோடு வந்தார்கள். யந்திர அறைக்கு வெளியே, இஸ்திரி போட்ட சேட்டோடு அவரை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். வந்ததும் நேரே பின்வளவுக்குப் போய், ஒவ்வொரு பரலாகத் தட்டிப் பார்த்தார். தெரிந்த ஆட்களை விசாரிப்பதுபோல இருந்தது.

சாப்பாட்டு மேசையில் ஸ்ரான் முதல் துண்டை முழுதாக வாய்க்குள் போட்டுச் சப்பினார். சப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பினாலா நாரினாலா என்று தெரியவில்லை. துவாரகா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டாள். யோகமலர் அவருக்கு எதிரே இருந்து, ஒரு துண்டை எடுத்து, விரலால் பிளந்து, பல்லால் உள்சதையை இழுத்து, வெறும் தோலைச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தாள். ஸ்ரான் உன்னிப்பாகப் பார்த்தார். இரண்டாவது துண்டை அப்படியே செய்தார். சாப்பிட்டு முடித்தபோது அவருடைய கோப்பை ஓரத்தில் பதினொரு தோல்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "இந்த மாரிக்கு எத்தனை பரல்?"

"பத்து," என்றார் குலசிங்கம் முந்திக்கொண்டு. ஆங்கிலத்தில் சொன்னது போதாதென்று விரலாலும் காட்டினார்.

யோகமலர் கணவரைப் பார்த்தாள். மரியம்மாவின் கையிலிருந்த கறிச்சட்டியை வாங்கி, அடியில் கிடந்த கறியையும் வழித்து ஸ்ரானின் கோப்பையில் போட்டாள்.

"பன்னிரண்டு," என்றாள். "சட்டம் செய்ய இண்டைக்கே தொடங்குங்கோ."

சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்துவிடக் காய் வெட்டவென்று கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். மரங்களில் இன்னும் முப்பத்தேழு காய்கள் நின்றன. ஆறாவது மரம் அன்றுதான் பூக்கத் தொடங்கியிருந்தது.